உன் சித்தப்பா திரும்பி வரவில்லை

அன்புள்ள சாமு,

நேற்று ஆஸ்பத்திரி வார்டில் நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்துவிட்டேன். திருவண்ணாமலை பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. அது உனக்கும் தெரியும், கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அம்மாவுக்கும் தெரியும். "நைனா, எனக்கு எதுனா ஆயிடுச்சுன்னா, சித்தப்பா மாதிரி நானும் கடைசில ஏசு கிட்ட திரும்பி வந்துட்டேன்னு யார் கிட்டயும் சொல்லிடாத" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். வேலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கி, அதைக் குடிக்காமலே கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். டீக்கடைக்காரர், "பெரியவரே, டம்ளர் வேணும்" என்று இரண்டு தடவை கேட்ட பிறகுதான் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போது நம் கோயிலுக்குப் பின்னால் இருக்கிற சின்ன அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பகல் மூன்று மணி. நாளைக் காலை ரத்தம் கொடுக்க ஒத்துக்கொண்டவர்களைக் கூட்டிக்கொண்டு போளூர் வழி பஸ்ஸில் வருவேன். நாளை மறுநாள் உன் நெஞ்சைத் திறந்து இதயத்தில் இருக்கிற வால்வைச் சரி செய்யப்போகிறார்கள். நூறு பேருக்குச் செய்தால் தொண்ணூற்றுச் சொச்சம் பேர் நன்றாக நடந்து போகிறார்கள் என்று அந்த இளம் டாக்டர் தைரியம் சொன்னார். அந்த மீதிச் சில பேரைப் பற்றித்தான் நான் அன்றிலிருந்து நினைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பத்திரண்டு வருஷம் சபையில் உபதேசியாராக இருந்து, சாகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து "பயப்படாதீங்க" என்று சொன்னவன் நான். எனக்குப் பயமாக இருக்கிறது சாமு. நேரில் சொல்ல வாய் வராது என்பதால் எழுதுகிறேன்.

நீ ஏன் அப்படிக் கேட்டாய் என்பதும் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பாரத்தில் மதம் என்று ஒரு கட்டம் இருந்தது. நீ மூச்சு வாங்கிக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தாய். நீ புத்த மதத்தில் சேர்ந்து மூன்று வருஷமாகிறது என்பதை மறந்து ஒன்றும் நான் எழுதவில்லை. நன்றாகத் தெரிந்தேதான் ‘கிறிஸ்தவர்’ என்று எழுதினேன். அதனால்தான் மறுநாள் காலை ஆஸ்பத்திரி பாதிரியார் உன் கட்டிலுக்கு வந்து தலையில் கை வைத்து ஜெபம் செய்தார். நீ மரியாதைக்குக் கண்ணை மூடிக்கொண்டாய். அவர் போனதும், "பாரத்த யாரு எழுதனது?" என்று கேட்டாய். நான் ஜன்னலைப் பார்த்தேன். பயம் வந்தால் நான் அடுத்தவர் சார்பில் பேச ஆரம்பித்துவிடுவேன். அந்தப் புத்தி எனக்கு நேற்று வந்ததல்ல.

உன் சித்தப்பா தேவதாசுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது, உனக்கு ஞாபகம் இருக்காது. இரண்டரை வயது. கீழ்பென்னாத்தூர் கடலை மில்லில் அவன் வேலை பார்த்த சமயம், மூன்று நாள் காய்ச்சலில் போய்விட்டது. நான்தான் போய் ஜெபம் செய்தேன். கொடுத்தவர் எடுத்துக்கொண்டார், அழாதே என்றேன். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "எடுத்துக்கினாருன்னு நீ சொல்ற. எடுத்துக்கினவரப் பத்தி நான் எப்படிண்ணா பாட்டுப் பாடுவேன்?" என்றான். அதற்குப் பிறகு அவன் கோயிலுக்கு வரவில்லை. தங்கவயல் சுரங்கத்தில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய நாலைந்து பேர் சேர்ந்து ஒரு புத்த சங்கம் நடத்திக்கொண்டிருந்தார்கள், பைண்டிங் கடை தங்கவேலு வீட்டு மாடியில். அங்கே போக ஆரம்பித்தான். எழுபதுகளின் தொடக்கம் அது. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வாடகை அறை எடுத்துக் கண்ணை மூடி உட்கார ஆரம்பித்திருந்தார்கள். நமக்கு ஏசுவைக் கொண்டுவந்து கொடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்ம ஊர் மலையடியில் வந்து வேறு எதையோ தேடுகிறார்கள், என் தம்பியும் தேடுகிறான், நான் மட்டும் கோயில் மணியை அடித்துக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கு எரிச்சலாக இருக்கும்.

நாங்கள் சண்டை போட்டுக்கொண்டதெல்லாம் ஒரே ஒரு கதையைப் பற்றித்தான் என்று இப்போது தோன்றுகிறது. செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு, எழுப்பித் தாருங்கள் என்று கிசா கோதமி புத்தரிடம் போகிறாள். சாவே நடக்காத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார் அவர். அவள் வீடு வீடாக ஏறி இறங்கி, அப்படி ஒரு வீடு இல்லை என்று தெரிந்துகொண்டு, குழந்தையைக் கொண்டுபோய்ச் சுடுகாட்டில் வைத்துவிட்டு வருகிறாள். இதை உன் சித்தப்பா சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்தது. "எங்க ஆளு நாயீன் ஊர்ல வழியில வந்த பாடையத் தொட்டு அந்த விதவையோட புள்ளைய எழுப்பிக் கொடுத்தாரு. உங்க ஆளு பெத்தவள தெருத் தெருவா அலைய வுட்டாரு. இதுல எது கருணை?" என்றேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். அவன் கோபப்படவில்லை. "எழுந்தானே அந்தப் புள்ள, அப்புறம் சாவாமலே இருந்துட்டானா? அந்த ஊர்ல மத்தவங்க புள்ளைங்க பாடையெல்லாம் யாரு தொட்டது? என் பொண்ணு பாடைய எவனும் தொடலண்ணா" என்றான். நான் வேறு பேச்சை எடுத்தேன். கேட்பதற்கு ஆள் இல்லாத மதத்தில் யாரிடம் அழுவாய் என்று கேட்டேன். அழறதுக்கு ஆள் எதுக்கு, அழுதா அழுகைதானே என்றான். இப்படியே ஐந்தாறு வருஷம் போயிற்று.

அவன் சாகும்போது நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். நுரையீரல் போய்விட்டது. உன் சித்தி ரேஷன் கடைக்குப் போயிருந்தாள், நீ பள்ளிக்கூடத்தில். முந்தின வாரமே என்னிடம் தெளிவாகச் சொல்லியிருந்தான். "என்ன எரிச்சிடுண்ணா. பாட்டு கீட்டு வேணாம். தங்கவேலு வந்து புத்தம் சரணம்னு மூணு சரணம் சொன்னா போதும்." அந்தக் காலையில் நான் அவன் காதருகே குனிந்து, ஏசப்பான்னு ஒரு வார்த்தை சொல்லுடா, ஒரே ஒரு வார்த்தை என்று கெஞ்சினேன். அவன் தலையை ஆட்டினான். வேண்டாம் என்கிற ஆட்டல், எனக்குச் சந்தேகமே இல்லை. தண்ணி குடுண்ணா என்றான். குடித்தான். என் கையைத் தட்டிக் கொடுத்தான், நான் சின்னப் பிள்ளை போல. பிறகு மூச்சு நின்றுவிட்டது.

சாமு, நான் எத்தனையோ விசுவாசிகள் சாகிறதைப் பார்த்திருக்கிறேன். பரலோகம் நிச்சயம் என்று ஆயுசு முழுக்கப் பாடியவர்கள் கடைசியில் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்பார்கள். பரலோகத்தையே நம்பாத என் தம்பி பயப்படாமல் போனான். அது என்னைப் பயமுறுத்திவிட்டது. அவன் நரகத்துக்குப் போய்விடுவான் என்கிற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம், நான் சொல்லிக்கொண்டிருப்பதெல்லாம் சரிதானா என்பது. எழுந்து நேராகப் பாஸ்டர் ஐயாவிடம் போய், "கடைசில ஏசுவேன்னு கூப்ட்டுட்டான் ஐயா, திரும்பி வந்துட்டான்" என்றேன். அவர் கண் கலங்கி என்னைக் கட்டிக்கொண்டார். அடக்க ரெஜிஸ்டரில் என் கையாலேயே அவன் பெயரை எழுதினேன். நம் கல்லறைத் தோட்டத்தில் பாட்டோடு அடக்கம் செய்தோம். சங்கத்து ஆட்கள் சுவருக்கு வெளியே வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எல்லாம் முடிந்ததும் தங்கவேலு என்னிடம் வந்து, "உபதேசியாரே, நெசமாவே அப்படிச் சொன்னாருங்களா?" என்று கேட்டார். நெசமாத்தான் என்றேன். "அப்ப சரிங்க. அவருக்கு எது நிம்மதியோ அதான் முக்கியம்" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருந்தால்கூட மறந்திருப்பேன்.

அதோடு விட்டேனா? மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ சங்கத்தில் சேர்ந்துவிட்டாய் என்று தெரிந்த அன்று, சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு என்ன சொன்னேன் நினைவிருக்கிறதா? "உங்க சித்தப்பனே கடைசில திரும்பி வந்தான், நீ எம்மாத்திரம்?" என்றேன். உன் முகம் விழுந்துவிட்டது. அவன் உனக்கு எவ்வளவு பிரியமானவன் என்று எனக்குத் தெரியும். அவனுடைய புத்தகங்களை வைத்துக்கொண்டுதான் நீ அங்கே போனாய். அவனே கடைசியில் கைவிட்டுவிட்டான் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் இருந்திருக்கிறாய். அப்படியும் நீ நம்பினதை விடவில்லை. நீ எப்போதிலிருந்து என்னைச் சந்தேகப்பட்டாய் என்று தெரியவில்லை. சந்தேகப்பட்டது சரி. உன் சித்தப்பா திரும்பி வரவில்லை. இதை எழுதிவிட்டேன். இனி அழிக்கமாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. இது உன் உடம்பைப் பற்றியது, இதைச் சொல்லத்தான் ரொம்பப் பயம். எட்டு வயதில் உனக்கு மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்தது. மாதம் ஒரு ஊசி, பெரியவனாகும் வரைக்கும் விடாமல் போட வேண்டும், விட்டால் இதயத்தைப் பிடிக்கும் என்று டாக்டர் சொன்னார். ஒரு வருஷம் போட்டோம். நீ நன்றாக ஓடி ஆடினாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் சபையில் எழுந்து நின்று, ஆண்டவர் என் மகனைப் பூரணமாகக் குணமாக்கிவிட்டார் என்று சாட்சி சொன்னேன். எல்லாரும் அல்லேலூயா என்றார்கள். அடுத்த மாதம் ஊசிக்குக் கூட்டிப்போக எனக்கு வெட்கமாக இருந்தது. கம்பவுண்டர் நம் சபைக்காரர். குணமான பிள்ளைக்கு ஏன் ஊசி என்று அவர் கேட்டால் என்ன சொல்வது? உன் அம்மா இரண்டு தடவை கேட்டாள். "உனக்கு விசுவாசம் கம்மி" என்று அவள் வாயை அடைத்தேன். நாளை மறுநாள் டாக்டர் திறந்து பார்க்கப்போவது நான் சொன்ன அந்தச் சாட்சியைத்தான். ஆண்டவர் சொல்லாத வார்த்தையை அவர் வாயில் நானே போட்டேன்.

எட்டுப் பேர் ரத்தம் கொடுக்க வேண்டும், எந்த குரூப்பானாலும் சரி, மாற்றிக்கொள்வோம் என்று சொன்னார்களே, அதற்காக இன்று விடிந்ததிலிருந்து ஊரெல்லாம் நடந்தேன். வயதாகிவிட்டது, உங்கள் ரத்தம் வேண்டாம் என்று எனக்குச் சொல்லிவிட்டார்கள். ரத்தம் என்றதும் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கதை. ஒருவர் வீட்டில் மருமகள் பிரசவத்தில் ரத்தம் கிடைக்காமல் போயிருக்கிறாள். இன்னொரு வீட்டில் லாரி மோதிய தம்பி. நம் சபையிலேயே ஒரு அம்மா, என் மகனை அனுப்பமாட்டேன், ஏற்கெனவே ஒருத்தனைப் பறிகொடுத்தவள் நான் என்று கதவைச் சாத்திக்கொண்டாள். தேரடித் தெருவில் சைக்கிள் கடை வைத்திருக்கிற பாயிடம் போனேன். அவர் பங்க்சர் ஒட்டிக்கொண்டே, "சாவு வுழாத வூடு எதுங்க உபதேசியாரே? எங்க வூட்லயே போன ரம்ஜானுக்கு இருந்த ஆளு இந்த ரம்ஜானுக்கு இல்ல. ரத்தம்தானே, நான் வரேன், எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு நாலு எட்டு நடந்திருப்பேன். அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து நான் கடுகு கேட்டுத்தான் வீடு வீடாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறேன்.

கிசா கோதமிக்கு அதில் மனம் தெளிந்ததாம். எனக்குத் தெளியவில்லை. எல்லார் வீட்டிலும் நடந்திருக்கிறது என்றால் என் வீட்டிலும் நடக்கும் என்கிற பயம்தான் கூடிப்போயிற்று. பெரிய கோபுரத்தைப் பார்த்துக்கொண்டு மதகுமேல் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒரு புண்ணியவதி என்னை யாத்திரைக்காரன் என்று நினைத்து ஒரு வாழைப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள்.

உன் புத்தர் சொல்வது எனக்கு இப்போது ஓரளவு புரிகிறது சாமு. பிடித்துக்கொண்டிருப்பதால்தான் பயம், விட்டால் பயம் போகும். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பிடித்துக்கொண்டிருப்பது உன்னை. அதை எப்படி விடுவது என்று அவரிடம் கேட்கலாமென்றால், அவரே கைக்குழந்தையை விட்டுவிட்டுக் கிளம்பிப் போனவர். அவர் எண்பது வயதில் இரண்டு மரத்துக்கு நடுவில் படுத்து, அழுகிற சீடனுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார் என்று நீ ஒருநாள் சொன்னாய். உன் சித்தப்பாவும் அப்படித்தான் போனான். என் ஆண்டவர் அப்படிப் போகவில்லை. பிடித்துக்கொண்டு போக வருகிறார்கள் என்று தெரிந்து, தோட்டத்தில் முகங்குப்புற விழுந்து, இது வேண்டாமே என்று கேட்டார். வேர்வை ரத்தம் மாதிரி சொட்டிற்று. கூட இருந்தவர்கள் தூங்கிவிட்டார்கள். சித்தப்பாவோடு வாதாடின காலத்தில் இந்த இடத்தை நான் சீக்கிரமாகத் தாண்டிப் போய்விடுவேன், கடவுள் பயப்பட்டார் என்று சொல்ல வெட்கமாக இருக்கும். இப்போது அவரை நான் விடாமல் இருப்பதே அதற்காகத்தான். பயமில்லாதவரிடம் போய் நிற்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது. உனக்கு அவர் பொருந்துகிறார் என்றால் நல்லது. பயப்பட்டவர்தான் எனக்கு வேண்டும். எந்த மதம் உசத்தி என்று முப்பது வருஷம் பேசின எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

மதியம் பைண்டிங் கடைக்குப் போனேன். தங்கவேலு அட்டைக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார். அவரிடம் ரத்தம் கேட்பதற்கு முன்னால், உன் சித்தப்பாவைப் பற்றி நான் சொன்னது பொய் என்றேன். அவர் தடவுவதை நிறுத்தவில்லை. "தெரியுங்க" என்றார். எப்படி என்று கேட்டேன். "நீங்க அன்னிக்கு என் கண்ணப் பாக்காம சொன்னீங்க" என்றார். சங்கத்திலிருந்து அவரோடு சேர்த்து நான்கு பேர் வருகிறார்கள். பிறகு பாஸ்டர் ஐயாவிடம் போனேன். இவர் புதியவர், சின்ன வயசு, என்ன சொல்வதென்று தெரியாமல் திணறினார். ரெஜிஸ்டரில் எழுதினதை அடிக்கக் கூடாது, ஓரத்தில் குறிப்பு எழுதலாம் என்றார். நான் சொன்னது பொய் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆகவே இதுதான் என் பதில். நாளை மறுநாள் நீ நல்லபடியாக வெளியே வர வேண்டும் என்று தியேட்டர் வாசலில் உட்கார்ந்து என் ஆண்டவரிடம் கேட்பேன். நாயீனில் நடந்ததைத்தான் கேட்பேன், வெட்கமில்லாமல் கேட்பேன். அது என் பயத்துக்காக, உன் பெயரில் அல்ல. பாரத்தில் எழுதினதை நாளை வந்ததும் மாற்றச் சொல்கிறேன். ஏதாவது ஆகிவிட்டால் நீ நம்புகிறபடியே செய்வோம். தங்கவேலு மூன்று சரணம் சொல்வார். அவர் வர முடியாமல் போனால் என்ன செய்வது என்று நானும் அதை அவரிடம் கேட்டு எழுதி வாங்கி மனப்பாடம் செய்திருக்கிறேன். உன்னை எரிப்போம். இந்த இரண்டு வார்த்தையை எழுதிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆனால் ஒன்று. இதை எழுதுகிற ஆளை நீ நம்பலாம். அந்த நேரத்தில் உன் பக்கத்தில் நிற்கப்போகிறவனை நம்பாதே. அவன் பயந்தாங்கொள்ளி. பயம் வந்தால் என்ன செய்வான் என்று மூன்று தடவை பார்த்துவிட்டோம். அதனால் இந்தக் கடிதத்தை நீ படித்ததும் அம்மாவிடம் கொடுத்துவிடு. அவள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ளட்டும். "கடைசில எம்புள்ள..." என்று நான் வாயைத் திறந்தேனானால், அத்தனை பேர் முன்னாலும் இதைப் பிரித்துச் சத்தமாகப் படிக்கச் சொல். அவளுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால்தான் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்.

உன் நைனா